கணித ஆசிரியரின் மேற்படிப்பு: திருகோணமலையிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை, கிண்ணியா, மூதூர் வலயங்களில் இடைநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியர்கள் மேற்படிப்பைப் பற்றிப் பேச வந்தால் முதலில் கேட்பது, "சேர், எந்தக் கோர்ஸ் லேசு?" என்பதுதான். இக்கேள்வியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலை முழுவதும் கற்பித்துவிட்டு, மாலையில் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பவர் லேசானதைத் தேடுவது இயல்பே. ஆயினும், இரண்டு ஆண்டுகளையும் கணிசமான பணத்தையும் செலவிட்ட பின்னர், தாம் படித்ததில் ஒரு வரியேனும் தமது வகுப்பறைக்குள் வரவில்லை என்று சலித்துக்கொள்வோரையும் கண்டிருக்கிறேன். ஆகவே, உங்களிடம் இல்லாதது கணித அறிவா, கற்பித்தல் அறிவா என்பதை முதலில் கண்டறிந்து, அதற்கேற்ற படிப்பைத் தெரிவுசெய்து, விண்ணப்பித்து, ஆய்வேட்டை முடித்து வெளியேறும் வரையான படிகளை இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: நீங்கள் நிற்கும் இடம்

எமது பாடசாலைகளின் கணித ஆசிரியர்கள் ஒரே வாயிலால் வந்தவர்கள் அல்லர். வவுனியா, மட்டக்களப்பு போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையில் கட்டுறுபயிற்சியாகக் கழித்துக் கற்பித்தல் டிப்ளோமா பெற்றவர்கள் ஒரு சாரார். கணிதத்தை ஒரு பாடமாகக் கொண்டு விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்று, கற்பித்தல் பயிற்சி எதுவுமின்றி நேரடியாக நியமனம் பெற்றவர்கள் இன்னொரு சாரார். வணிகம், பொறியியல் தொழினுட்பம் போன்ற துறைகளில் கற்று, ஆளணிப் பற்றாக்குறையால் கணிதம் கற்பிக்க நேர்ந்தவர்களும் உள்ளனர்; அவர்களில் சிலர் மிக நன்றாகக் கற்பிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

டிப்ளோமா பெற்றவருக்கு மேற்படிப்பு என்பது முதலில் ஒரு பட்டமே. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம், 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அது சேவையிலுள்ள ஆசிரியர்களுக்குக் கல்விமாணிப் பட்டத்தை வழங்குகிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் கணிதத்தைத் தெரிவுசெய்து விஞ்ஞானமாணிப் பட்டமும் பெறலாம்; ஆனால் அது ஆங்கில மொழிமூலப் படிப்பு. இந்தக் கட்டத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். விரைவில் முடியும் என்பதற்காகக் கணிதமே இல்லாத ஒரு வெளிவாரிக் கலைமாணிப் பட்டத்தை எடுத்துவிட்டு, சில ஆண்டுகளின் பின்னர் கணிதத்தில் விஞ்ஞான முதுமாணி செய்ய விரும்பும்போது, நுழைவுத் தகைமையிலேயே கதவு அடைபட்டிருப்பதைக் காண்கிறார்கள். பட்டம் என்பது அடுத்த படிக்கான அனுமதிச் சீட்டும் ஆகும் என்பதால், எந்தப் படிக்கு ஏற விரும்புகிறீர்கள் என்பதை இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

பட்டம் இருந்து கற்பித்தல் பயிற்சி இல்லாதவருக்கு அடுத்த படி பட்டப்பின் கல்வி டிப்ளோமா. அதில் தயங்குவதற்கு எதுவுமில்லை. சேவை வகுப்பு உயர்வுக்கும் கல்வி முதுமாணிக்கும் அது பெரும்பாலும் தேவைப்படும்.

இரண்டாம் படி: மட்டங்களைப் படித்தறிதல்

விளம்பரங்களில் "முதுமாணி" என்ற ஒரே சொல் பல பொருள்களில் வரும். தகைமைகளை மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டத்திலும், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்திலும், 25 கிரெடிட் (கற்றல் அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டத்திலும் உள்ளன. பாடநெறிகளால் மட்டும் நிறைவுறும் 30 கிரெடிட் முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணி 10ஆம் மட்டம். ஆய்வுப் பட்டமான முதுதத்துவமாணி (எம்.பில்) 11ஆம் மட்டத்திலும் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் அமைகின்றன. பின்னாளில் முதுதத்துவமாணியோ கலாநிதியோ செய்யும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், 9ஆம் மட்டத்தோடு நின்றுவிடும் படிப்பைத் தெரிவுசெய்யாதீர்கள். ஆய்வு செய்யாத முதுமாணியோடு ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர், விட்டுப்போன அந்தப் படியைப் பின்னர் எங்காவது ஏறியே ஆகவேண்டும்.

கணித ஆசிரியர்களாகிய நாம் ஒரு சிறு கணக்கையும் செய்துகொள்ளலாம். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் யாவும் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றலைச் சட்டகம் எதிர்பார்க்கிறது. எனவே 30 கிரெடிட்டுக்கு 1500 மணித்தியாலம். இதனை ஏறத்தாழ 100 வாரங்கள் கொண்ட இரண்டு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 15 மணித்தியாலம் வருகிறது. சனி, ஞாயிறு விரிவுரைகளுக்குப் புறம்பாகக் கிழமை நாள்களிலும் நேரம் ஒதுக்கவேண்டும் என்பதை இந்த எண் சொல்கிறது. தனியார் வகுப்பு எடுப்பவர்கள் இக்கணக்கை வீட்டாரோடு இருந்து செய்வது உத்தமம்.

தெருவோரப் பதாகைகளில் காணும் வெளிநாட்டு இணைப்பு முதுமாணிகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: பணம் கட்டும் முன்னர், பட்டத்தை வழங்கும் நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கணிதமா, கல்வியியலா

இதுவே முக்கியமான தெரிவு. இதில்தான் நீண்ட நேரம் செலவிட வேண்டும்.

ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபீலிக்ஸ் கிளைன் 1908ஆம் ஆண்டளவிலேயே ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவன் தான் முன்பு கற்ற கணிதத்துக்கும் அங்கே கற்பதற்கும் தொடர்பு காண்பதில்லை; பட்டம் பெற்று ஆசிரியராகத் திரும்பும்போது, பல்கலைக்கழகத்தில் கற்றதற்கும் கற்பிக்க வேண்டியதற்கும் தொடர்பு காண்பதில்லை. இந்த இரட்டை முறிவு எமது ஊரிலும் அப்படியே இருக்கிறது. மெய்ப் பகுப்பாய்வில் நல்ல புள்ளி பெற்ற ஒருவர், மீளும் தசமங்களைக் கற்பிக்கையில், "சேர், 0.999 என்று முடிவில்லாமல் போவது ஒன்றுக்குச் சமனா, ஒன்றைவிடச் சற்றுக் குறைவா?" என்று மாணவி கேட்டால், தாம் கற்ற எல்லை என்ற கருத்தே அதற்கு விடை என்பதை நினையாமல், "பரீட்சைக்கு வராது" என்று கடந்துவிடுகிறார்.

இன்னோர் உதாரணம் சொல்கிறேன். கவராயமும் நேர்விளிம்பும் கொண்டு 60 பாகை, 30 பாகை, 45 பாகைக் கோணங்களை அமைக்கக் கற்பிக்கிறோம். ஒரு பிள்ளை 20 பாகையை அமைக்கக் கேட்டால் என்ன செய்வது? அது முடியாத காரியம் என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் வான்ட்செல் 1837இல் நிறுவினார். கோசைன் 20 பாகை ஒரு முப்படிச் சமன்பாட்டின் மூலமாகிறது. அச்சமன்பாட்டை விகிதமுறு எண்களைக் கொண்டு காரணிப்படுத்த இயலாது. கவராயத்தாலோ அடுத்தடுத்து வர்க்கமூலங்கள் எடுத்துப் பெறக்கூடிய நீளங்களை மட்டுமே அமைக்கலாம். பத்தாம், பதினோராம் வகுப்பு அமைப்புகளுக்குப் பின்னால் நவீன அட்சரகணிதம் நிற்கிறது என்பதை அறிந்த ஆசிரியர், "முயன்று பார், ஏன் முடியவில்லை என்று யோசி" என்று துணிந்து சொல்வார். அறியாதவர் பாகைமானியைக் கொடுத்துவிடுவார்.

இவ்வகைக் கேள்விகள் உங்களை நிலைகுலையச் செய்கின்றன என்றால், குறிப்பாக உயர்தர இணைந்த கணிதம் கற்பிக்கப் போகிறீர்கள் என்றால், உங்களுக்குத் தேவை கணிதம். கணிதம் அல்லது பிரயோகப் புள்ளிவிபரவியல் சார்ந்த டிப்ளோமாவையோ விஞ்ஞான முதுமாணியையோ நாடுங்கள். 1996இல் அமைந்த பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இத்துறையில் நன்கு அறியப்பட்டது.

மாறாக, கணிதம் உங்களுக்குத் தெளிவாக இருந்தும் முப்பது பிள்ளைகளில் இருபது பேருக்கு ஏன் விளங்கவில்லை என்பது விளங்கவில்லையாயின், தேவை கல்வியியல். ஆனால் பொதுவான கல்வி முகாமைத்துவமோ ஆலோசனை வழிகாட்டலோ கணித ஆசிரியரின் இந்தக் குறையைத் தீர்க்காது. அதிபராகவோ கல்வி நிருவாகியாகவோ வரும் எண்ணமுள்ளோருக்கே அவை பொருந்தும். பாட உள்ளடக்கத்தை அறிவது வேறு, கற்பிக்கும் முறைகளைப் பொதுவாக அறிவது வேறு, அந்தப் பாடத்தை அந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்கவைப்பது என்ற அறிவு வேறு என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் பிரித்துக் காட்டிய பின்னரே கணிதக் கல்வி ஆய்வு இந்த மூன்றாவதை ஊன்றிக் கவனிக்கத் தொடங்கியது. கல்வி முதுமாணியில் சேர்பவர், தெரிவுப் பாடங்களில் கணிதக் கல்வி உள்ளதா, ஆய்வை வழிநடத்தக் கணிதம் தெரிந்த விரிவுரையாளர் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்வதற்கு முன்பே கேட்கவேண்டும்.

நான்காம் படி: எங்கே, எப்படிப் போய்வருவது

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருப்பதால் எல்லாம் அங்கேயே கிடைக்கும் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. ஆனால் கணிதத் துறையும் கல்வித் துறையும் இருப்பது மட்டக்களப்பு மாவட்டத்தின் வந்தாறுமூலையில். மூதூர், வெருகல், வாகரை வழியாகச் செல்லும் ஏ-15 வீதியில் அதிகாலை பஸ்ஸைப் பிடித்தால் காலை விரிவுரைக்குப் போய்ச் சேரலாம். கார்த்திகை, மார்கழியில் வாடைமழை கொட்டி, மகாவலி பெருகி வெருகல் பக்கம் வெள்ளம் ஏறினால் அந்தக் கணக்குத் தப்பிவிடும். அதனால் மட்டக்களப்புப் பக்கம் படிப்பவர்கள் மழைக்காலத்தில் முதல்நாளே போய்த் தங்குவதற்கு ஒரு உறவினர் வீட்டையோ அறையையோ ஏற்பாடு செய்துவைப்பது வழக்கம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தமிழ்மொழிமூலக் கல்வியியலில் நீண்ட அனுபவம் உள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், நாட்டில் கல்விக்கென்றே உள்ள பீடம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவுப் புகையிரதம் இருப்பதால் மூதூரிலிருந்து யாழ்ப்பாணம் போவதைவிடக் கொழும்பு போவது சிலருக்கு இலகுவாகவே படுகிறது. ஊரைவிட்டு அதிகம் நகர முடியாதவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தையுள்ள ஆசிரியைகளுக்கு, நாவலையைத் தலைமையகமாகக் கொண்ட திறந்த பல்கலைக்கழகமே பொருத்தமானது. அங்கே விரிவுரைகளைவிட அச்சிட்ட பாட அலகுகளும் ஒப்படைகளும் முக்கியம். தொடர்மதிப்பீட்டில் போதிய புள்ளி பெறாதவர் இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. "வீட்டிலிருந்து படிப்பதுதானே" என்று அசட்டையாக இருந்தவர்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் ஆவணங்களும்

அறிவித்தல்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிலும் பல்கலைக்கழக இணையத்தளங்களிலும் வெளிவரும். முடிவுத் திகதிக்கு இடையில் சில வாரங்களே இருக்கும் என்பதால் ஆவணங்களை அறிவித்தலுக்கு முன்பே சேர்த்துவையுங்கள். பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், விரிவான பெறுபேற்றுப் பத்திரம், நியமனக் கடிதம், சேவையை உறுதிப்படுத்தும் கடிதம் ஆகியன எப்போதும் கேட்கப்படுபவை. பெறுபேற்றுப் பத்திரத்தைப் பதிவாளர் நேரடியாக அனுப்பவேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்பதால், அதற்கான கட்டணத்தையும் கோரிக்கையையும் ஒரு மாதத்துக்கு முன்னரே அனுப்பிவிட வேண்டும்.

பெயரில் கவனம் தேவை. எனது பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுமையாகவும், பட்டச் சான்றிதழில் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாகவும் இருந்தன. ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கி வைத்துவிட்டு, முடிவுத் திகதி கடந்த பிறகே அந்த வேறுபாட்டைச் சொன்னார்கள், ஓராண்டு போய்விட்டது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருந்தால் அந்த ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

விண்ணப்பம் அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாகச் செல்லவேண்டியிருந்தால், முற்பிரதி ஒன்றை நேரடியாக அனுப்பிவிட்டு மூலப்பிரதியை உரிய வழியால் அனுப்புங்கள். முழுநேரப் படிப்புக்குச் சம்பளத்துடனான விடுமுறை கிடைக்குமா என்பது அரச ஊழியருக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவையையும் நடைமுறையிலுள்ள சுற்றறிக்கைகளையும் பொறுத்தது. வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் அனுமதி பெற்ற பின்னரே பாடசாலையிலிருந்து விலகி நில்லுங்கள்.

ஆறாம் படி: மொழி

எமது நிலையில் இதைத் தனியாகப் பேசவேண்டியிருக்கிறது. பிள்ளைக்குத் தமிழில் கற்பிக்கிறோம். கணித மேற்படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் துணைநூல் தேடினாலோ தமிழ்நாட்டுக் கலைச்சொற்கள் வந்து குறுக்கிடுகின்றன. நாம் தாயம் என்பதை அங்கே அணி என்பார்கள். நாம் காவி என்பது அங்கே திசையன். திரிகோண கணிதம் அங்கே முக்கோணவியல். சிக்கலெண் அங்கே கலப்பெண். முதல் மாதத்திலேயே ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் இட்டு, ஆங்கிலச் சொல், எமது பாடநூற் சொல், தமிழ்நாட்டுச் சொல் என்று எழுதிவரத் தொடங்குங்கள். ஆய்வேடு எழுதும் நாளில் அந்தக் கொப்பி உங்களுக்கு ஒரு அகராதியாக உதவும்.

தட்டச்சையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள் நம்மிடையே இன்னும் பலர். அதில் எழுதிய ஆய்வேட்டைத் தேடவோ, வேறு கணினியில் திறக்கவோ முற்படும்போது எழுத்துகள் குழம்பும். ஆகவே யூனிகோடில் எழுதுங்கள். சமன்பாடுகள் நிறைந்த ஆய்வேட்டுக்கு லாடெக் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருள் சிறந்தது. அதன் ஸீலாடெக் வடிவம் யூனிகோட் தமிழை ஏற்கும். வரிப்படங்களுக்கு ஜியோஜிப்ரா என்ற இலவச மென்பொருள் போதும். வகுப்பறையிலும் அது பயன்படும்.

ஏழாம் படி: ஆய்வுத் தலைப்பு

கல்வி முதுமாணி ஆய்வேடுகளில் அலுப்பூட்டும் வகை ஒன்று உண்டு. "கணிதத்தின் மீதான மாணவர் மனப்பாங்கு" என்று தலைப்பிட்டு, ஐந்து தெரிவுகள் கொண்ட வினாக்கொத்தை நூறு பேரிடம் நிரப்பிவாங்கி, சதவீத அட்டவணைகளை அடுக்கி, "கற்றல் உபகரணங்களைப் பயன்படுத்த வேண்டும்" என்று முடிப்பது அது. புள்ளிவிபரம் கற்பிக்கும் நாமே இப்படிச் செய்வது எனக்கு வெட்கமாக இருக்கிறது. தலைப்பு உங்கள் சிவப்புப் பேனையிலிருந்து வரட்டும். ஆண்டுதோறும் எந்தத் தவறைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறீர்களோ அதுவே ஆய்வுக்குரியது.

சாதாரண தரப் பின்னக் கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தமது பணத்தில் 2/5 பங்கைச் செலவிட்டு, எஞ்சியதில் 1/3 பங்கை வங்கியில் இட்டார்; கையில் உள்ள பங்கு எவ்வளவு? விடை 2/5. வகுப்பில் பலர் 2/5ஐயும் 1/3ஐயும் கூட்டி 11/15 பெற்று, 4/15 என்று எழுதுவார்கள். பின்னம் கூட்டத் தெரியாததால் வந்த தவறல்ல இது. கூட்டல் சரியாகவே இருக்கிறது. "எஞ்சியதில்" என்ற சொல்லின் இறுதியில் உள்ள உருபு முழுமையை மாற்றிவிட்டதை அவர்கள் வாசிக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977இல் முன்வைத்த முறை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். வினாவை வாசிக்கச் சொல், என்ன கேட்கிறது என்று சொல்லச் சொல், எப்படிக் காண்பாய் என்று கேள், செய்துகாட்டச் சொல், விடையை எழுதச் சொல். மாணவர் இந்த ஐந்தில் எந்தப் படியில் விழுகிறார் என்பதைத் தனித்தனியே உட்காரவைத்துப் பதிவு செய்தால், இருபது பிள்ளைகளே ஆழமான ஓர் ஆய்வுக்குப் போதும்.

கேத்திரகணிதத்தில் ஈடுபாடுள்ளவர்களுக்கு நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீலே தம்பதியர் 1957இல் வகுத்த ஐந்து சிந்தனை மட்டங்கள் உள்ளன. சதுரத்தைச் சாய்த்து வரைந்தவுடன் "இது சதுரமல்ல, சாய்சதுரம்" என்று சொல்லும் பிள்ளை, உருவத்தைத் தோற்றத்தால் மட்டும் அறியும் முதல் மட்டத்தில் நிற்கிறது. அந்தப் பிள்ளையிடம் வட்டத் தேற்றங்களுக்கு நிறுவல் கேட்பது எத்தகையது என்று யோசித்துப் பாருங்கள்.

பாடசாலைகளில் தரவு சேகரிக்க அனுமதி வேண்டும். மாகாணக் கல்வித் திணைக்களம் எமது நகரிலேயே இருப்பது இங்குள்ளவர்களுக்கு ஒரு வசதி. அம்பாறையிலிருந்து வருபவருக்கு ஒரு நாள் செலவாகும் வேலையை நீங்கள் ஓரிரு மணித்தியாலத்தில் முடிக்கலாம். சாதாரண தர மாணவர்களை ஆய்வுக்கு எடுப்பதானால் பரீட்சைக்கு முந்திய மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். எந்த அதிபரும் அப்போது மனமுவந்து அனுமதிக்கமாட்டார். உங்கள் சொந்த வகுப்பை ஆய்வு செய்தால், புள்ளியிடும் ஆசிரியரும் கேள்வி கேட்கும் ஆய்வாளரும் ஒருவரே என்பதால் பிள்ளைகள் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். பக்கத்துப் பாடசாலை நண்பரோடு வகுப்புகளை மாற்றிக்கொள்வது ஒரு வழி.

கடைசிப் படி

பெறுபேறு வந்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். பெறுபேறு நடைமுறைக்கு வரும் திகதி குறிக்கப்பட்ட கடிதத்தையும் விரிவான பெறுபேற்றுப் பத்திரத்தையும் கேட்டுப் பெற்று, உறுதிப்படுத்திய பிரதிகளை அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்குச் சமர்ப்பித்து, உங்களது சுயவிவரக் கோவையில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். வகுப்பு உயர்வுக்கும் பின்னர் வரும் நேர்முகப் பரீட்சைகளுக்கும் அந்தக் கோவையையே பார்ப்பார்கள். கையளிக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.